நமக்குப் பிறகு யார்?

வண்டலூர் என்றதும் வெளியூர் வாசகர்களுக்கு மிருகக் காட்சிசாலைதான் ஞாபகத்துக்கு வரும். சென்னை மூர்மார்க்கெட்டுக்கு அருகே இட நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்த சிங்கமும் புலியும் 1985-ம் வருஷத்தில் இங்கே விசாலமான காட்டுக்குக் குடிவந்தன. ஏறக்குறைய அதே காலத்தில்தான் மனிதர்களும் குடிவரத் தொடங்கினார்கள். ரெயில்வே குமாஸ்தாக்கள், தபால் இலாகாச் சிப்பந்திகள், பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் ஆகிய இவர்கள் சீட்டுப் பிடித்தும் மனைவியின் வளையலை அடகு வைத்தும் ஆளுக்கொரு மனை வாங்கி, இரண்டு அறையும் ஒரு கிணறுமாக வீடு கட்டிக்கொண்டார்கள். மாலையில் நரி ஊளையிடும் என்று பயமுறுத்திய உறவினர்கள் அன்று கிரகப்பிரவேசத்துக்குக்கூட வரவில்லையாம்.

2023-ம் வருஷக் கடைசியில் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த உறவினர்கள் அடிக்கடி வருகிறார்கள். மனையின் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. ஆனால், அந்த வீடுகளைக் கட்டியவர்களுக்கு இன்று எழுபத்தைந்தும் எண்பதும் வயது. வீட்டின் மதிப்பு ஏறிக்கொண்டிருக்கும் அதே வேகத்தில் வீட்டுக்காரரின் நினைவு இறங்கிக்கொண்டிருக்கிறது. சில வீடுகளில், தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத மகனோ மகளோ நடுத்தர வயதை எட்டிவிட்டார்கள். இவ்விரு விதமான குடும்பங்களிலும் நான் கண்டதையும், அதையொட்டிச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல. பத்தாம் வகுப்புக்குச் சரித்திரம் கற்பிக்கும் உபாத்தியாயன்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு தாத்தா இருக்கிறார். ஓய்வு பெற்ற ரெயில்வே உத்தியோகஸ்தர். கணக்கில் புலி. பால்காரனுடைய மாதாந்தரக் கணக்கில் எட்டணா பிசகினாலும் விட மாட்டார். சில வருஷங்களுக்கு முன் அவரே யோசனை செய்து, மூத்த மகன் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம், அதாவது ‘பவர்’, எழுதி ரிஜிஸ்தர் செய்து கொடுத்தார். “இனி எனக்கு என்ன ஆனாலும் கவலையில்லை, வாத்தியாரே” என்று சொன்னது என் காதிலேயே இருக்கிறது. பிறகு மறதி நோய் வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை மறந்தார், இன்று மகனையே “நீங்கள் எந்த ஊர்?” என்று மரியாதையாக விசாரிக்கிறார்.

இரவும் பகலும் கூட இருக்க ஆள் வைக்கவேண்டி வந்தது. தகப்பனாரின் வைப்புத் தொகையை எடுக்க மகன் பவர் பத்திரத்துடன் பாங்கிக்குப் போனான். அவர் நிலைமையைக் கேட்டதும் அந்தப் பத்திரம் இனிச் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். “ஸார், இந்த நாளுக்காகத்தானே அப்பா அதை எழுதி வைத்தார்? இந்த நாள் வந்ததும் செல்லாது என்றால் என்ன நியாயம்?” என்று அவன் என்னிடம் வந்து முறையிட்டான். நானும் பாங்கிக்காரர்களின் பிடிவாதம் என்றே முதலில் நினைத்தேன். புஸ்தகத்தைப் பார்த்த பிறகுதான் அவர்கள் சொன்னது சரியென்று தெரிந்தது.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. அதன் 201-வது பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும், அவருக்குச் சித்த ஸ்வாதீனம் தவறினாலும், அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. எஜமானன் தானே செய்யக்கூடியதைத்தான் ஏஜண்டு அவனுக்காகச் செய்யலாம் என்பது அதன் தர்க்கம். தர்க்கம் சரிதான். ஆனால் குடும்பஸ்தர்கள் பவர் எழுதுவது எந்த ஆபத்தை உத்தேசித்தோ, அந்த ஆபத்து வந்த கணமே பத்திரம் உயிரை விடுகிறது! மழை பெய்தால் மூடிக்கொள்ளும் குடையை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? இருந்தும் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் தினந்தோறும் பலர் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

மற்ற தேசங்களில் இந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2005-ம் வருஷத்துச் சட்டமும், நம்மவர் ஏராளமாய் வாழும் சிங்கப்பூரில் 2008-ம் வருஷத்துச் சட்டமும், எழுதியவரின் அறிவு மங்கிய பிறகும் நிலைத்து நிற்கும் அதிகாரப் பத்திரத்தை அனுமதிக்கின்றன. நம் தேசத்தில் அப்படியொன்று இன்னும் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், நாம் இவ்விஷயத்தில் பின்னோக்கி நடந்திருக்கிறோம். வெள்ளைக்காரன் காலத்து 1912-ம் வருஷச் சட்டத்தில் சித்த ஸ்வாதீனமற்றவரின் சொத்தை நிர்வகிக்க ஜில்லாக் கோர்ட்டு விசாரித்து ஒருவரை நியமிக்க வழியிருந்தது. 1987-ம் வருஷத்துச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. அதை ரத்து செய்துவிட்டு வந்த 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் நோயாளியின் சிகிச்சையைப் பற்றியும் கௌரவத்தைப் பற்றியும் மிக உயர்ந்த ஏற்பாடுகளைச் செய்தது. சிகிச்சை விஷயத்தில் தமக்காகப் பேச ஒரு பிரதிநிதியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்பதும் அதில் உண்டு. ஆனால் சொத்து நிர்வாகத்தைப் பற்றிய அத்தியாயம் மட்டும் எங்கோ உதிர்ந்துவிட்டது.

அதன் பலன் என்ன என்பதை 2024-ம் வருஷத்தில் சென்னை ஹைக்கோர்ட்டுக்கு வந்த ஒரு வழக்கில் பார்க்கலாம். நினைவிழந்து படுத்த படுக்கையாகிவிட்ட கணவர். வைத்தியச் செலவு லட்சக்கணக்கில் ஏறுகிறது. கணவர் பெயரில் சென்னையில் ஒரு சொத்து இருக்கிறது. அதை விற்று அவரைக் காப்பாற்றலாமென்றால் மனைவிக்கு அதிகாரமில்லை. அந்த அம்மாள் ஹைக்கோர்ட்டில் மனுப் போட்டார். தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போகும்படி சொல்லிவிட்டார். அப்பீலில் இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு மே மாதத்திலேயே வழக்கை எடுத்து, மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. கணவரின் சொத்து கணவரின் நலனுக்குப் பயன்படத்தானே வேண்டும் என்பது நீதிபதிகளின் கருத்து. ஆனால் சும்மா விடவில்லை. விற்ற பணத்தில் ஐம்பது லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்பு நிதியாகப் போட்டு, அதன் வட்டியைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனையும் விதித்தது. நல்ல தீர்ப்பு. எனினும், ஹைக்கோர்ட்டுப் படி ஏறுவதற்குத் திராணியுள்ள குடும்பங்கள் நம்மில் எத்தனை?

ஆகவே பெரியவர்கள் தெளிவாய் இருக்கும்போதே சில சாதாரணக் காரியங்களைச் செய்து வைப்பது அவசியமாகிறது. பாங்கிக் கணக்கை மனைவியுடனோ நம்பகமான பிள்ளையுடனோ, இருவரில் எவரும் நடத்தக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுவது மிக எளிது. ஒரு நாள் வேலை. உடம்பு மட்டும் முடியாமல் புத்தி தெளிவாய் இருப்பவர்களுக்கு ரிசர்வ் பாங்கியின் விதியில் வேறு வழியுமுண்டு. கையெழுத்துப் போட முடியாதவர் பெருவிரல் ரேகையோ கால் விரல் ரேகையோ வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் ஒருவர் பாங்கி உத்தியோகஸ்தராக இருக்கவேண்டும்.

‘நாமினி’ விஷயத்திலும் ஒரு பெரிய மயக்கம் நிலவுகிறது. பாங்கிப் பாரத்தில் எவர் பெயரை எழுதினோமோ அவருக்கே பணம் சொந்தமாகிவிடும் என்று பெரும்பாலோர் நம்பியிருக்கிறார்கள். அப்படியல்ல. நாமினி என்பவர் பணத்தைக் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் ஆள். அதை உரிய வாரிசுகளிடம் சேர்ப்பிக்கவேண்டியவர். 1984-ம் வருஷத்திலேயே ஓர் இன்ஷியூரன்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இக்கொள்கையைச் சொல்லிவிட்டது. 2015-ல் இன்ஷியூரன்ஸ் சட்டத்தை மட்டும் குடும்பத்தாருக்கு அனுகூலமாகத் திருத்தினார்கள். மற்றவற்றில் சொந்தக்காரர் யாரென்று தீர்மானிப்பது உயில்தான்.

உயிலுக்கு முத்திரைக் காகிதம் வேண்டாம். வெள்ளைக் காகிதம் போதும். ரிஜிஸ்தர் செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. செய்து வைத்தால் பிற்பாடு சச்சரவு குறையும். இரண்டு பேர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சிகள் தம்மைவிட இளையவர்களாயும், உயிலினால் லாபமடையாதவர்களாயும் இருப்பது நலம். எண்பது வயதுக்காரர் தம் எண்பத்திரண்டு வயது நண்பரைச் சாட்சிக்கு அழைத்த விநோதத்தை நான் பார்த்திருக்கிறேன். மறதி தொடங்கிவிட்டதோ என்ற சந்தேகம் எவருக்கேனும் இருந்தால், எழுதும் தினத்தன்றே ஒரு டாக்டரின் அத்தாட்சி வாங்கிச் சேர்த்துவிட வேண்டும்.

இதற்குப் பதிலாக, “அப்பா, உயில் எதற்கு? இப்போதே செட்டில்மெண்ட் எழுதிவிடுங்களேன்” என்று பிள்ளைகள் வற்புறுத்துவது எங்கள் பக்கத்தில் இப்போது அதிகமாகியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. உயில் எழுதியவர் சாகும் வரையில் அது வெறும் காகிதம், நினைத்தபோது கிழித்தெறியலாம். தானப் பத்திரமோ கையெழுத்தான அன்றே வீட்டைப் பிள்ளைக்குச் சொந்தமாக்கிவிடுகிறது. நேற்று வரை வீட்டுக்காரர், இன்று விருந்தாளி. நாளை எப்படியோ?

இப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்த பெற்றோர்களுக்காகவே 2007-ம் வருஷத்தில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. எங்கள் தாலுகாவாசிகள் தாம்பரம் ரெவின்யூ டிவிஷனல் ஆபீஸரிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. பிள்ளைகள் மாதம் பதினாயிரம் ரூபாய் வரையில் ஜீவனாம்சம் கொடுக்கும்படி உத்தரவாகலாம். பிள்ளையில்லாதவர்களும், தம் சொத்தை அடையப்போகும் உறவினர் மீது மனுச் செய்யலாம். பணத்தைவிட முக்கியமானது அதன் 23-வது பிரிவு. ‘என்னைப் பராமரிக்கவேண்டும்’ என்ற நிபந்தனையுடன் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், அந்த மாற்றத்தையே செல்லாததாக்கலாம். ‘நிபந்தனையுடன்’ என்ற சொல்லில்தான் சிக்கல். 2022-ம் வருஷ டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, நிபந்தனை இருந்ததென்று நிரூபித்தாக வேண்டும் எனக் கண்டிப்பாய்ச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு, மத்தியப் பிரதேசத்துத் தாயார் ஒருவர் மகனுக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்து, வீட்டைத் தாயாரிடமே ஒப்படைக்கச் சொல்லி, இச்சட்டத்தை முதியவர்களுக்கு அனுகூலமாகவே வாசிக்கவேண்டும் என்றது. கோர்ட்டின் மனம் இளகியிருப்பது நல்லதே. இருந்தாலும் ஒரே ஒரு வாக்கியத்தைப் பத்திரத்தில் எழுதிவிட்டால் கோர்ட்டின் மனத்தை ஆராயவேண்டியதில்லை. “பிள்ளையிடம் போய் நிபந்தனை போடுவதா?” என்று நம் தாய்மார்கள் கூச்சப்படுகிறார்கள். நல்ல பிள்ளைக்கு அந்த வாக்கியத்தினால் ஒரு நஷ்டமுமில்லை.

இனி இரண்டாவது வீட்டுக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் பல காலம் தமிழ் போதித்து ஓய்வு பெற்ற ஆசிரியை அம்மாள் ஒருவர், கணவரை இழந்தவர். ஒரே பெண். மகளுக்கு முப்பத்தொரு வயதாகிறது; அம்மாள் இன்றும் ‘குழந்தை’ என்றே சொல்கிறார். அறிவு வளர்ச்சி நாலைந்து வயதோடு நின்றுவிட்டது. வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற மின்சார ரெயிலின் சப்தத்துக்கு எல்லாம் கை தட்டும். தாயாரைத் தவிர வேறு யார் சோறு பிசைந்தாலும் உண்ணாது. “வாத்தியார் தம்பி, எனக்கு ஒரு நாள் முன்னால் இது போய்விடவேண்டும் என்று சுவாமியிடம் கேட்கிறேன். பெற்றவள் கேட்கிற வரமா இது?” என்று ஒரு நாள் அவர் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவருக்கும் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பெண்ணுக்குப் பதினெட்டு வயது பூர்த்தியான அன்றே, சட்டத்தின் பார்வையில் தாம் அவளுடைய கார்டியன் அல்ல என்பது அவருக்குப் பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அறிவு வளர்ச்சியைச் சட்டம் பார்ப்பதில்லை. பிறந்த தேதியைப் பார்க்கிறது. ஆனால் இவ்விஷயத்தில் தாத்தாவின் குடும்பத்துக்கு இல்லாத ஓர் அதிர்ஷ்டம் அம்மாளுக்கு இருந்தது. ஆட்டிஸம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு, பல குறைகள் சேர்ந்திருத்தல் ஆகிய நான்கிற்குமென்று 1999-ம் வருஷத்தில் தேசிய டிரஸ்டுச் சட்டம் ஏற்பட்டிருக்கிறது. கோர்ட்டுக்குப் போகவேண்டாம், ஜில்லாதோறும் கலெக்டரை உட்கொண்ட ஓர் உள்ளூர்க் கமிட்டி இருக்கிறது. பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனம் ஒன்றின் பிரதிநிதியும், உடற்குறையுள்ளவர் ஒருவரும் அதில் அங்கத்தினர்கள். பெற்றோரோ உறவினரோ மனுக் கொடுத்தால், கார்டியன் தேவைதானா, எந்தெந்தக் காரியத்துக்குத் தேவை என்று ஆராய்ந்து நியமிப்பார்கள். வண்டலூர்க்காரர்கள் செங்கற்பட்டுக்குப் போய்வந்தால் போதும். நியமனமானவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்கவேண்டும். வருஷந்தோறும் வரவு செலவுக் கணக்கும் கொடுக்கவேண்டும். பராமரிப்பில் தவறினாலோ சொத்தை விரயம் செய்தாலோ அவரை நீக்கவும் வழியுண்டு. மேற்படி டிரஸ்டின் ‘நிராமயா’ என்னும் திட்டத்தில் ஒரு லட்ச ரூபாய் வரை வைத்தியச் செலவுக்கு இன்ஷியூரன்ஸும் உண்டு.

கார்டியன் பதவி சொத்தைப் போல் வாரிசுக்கு இறங்குவதன்று. அம்மாளுக்குப் பிறகு மற்றொருவர் மனுப் போட்டு நியமனம் பெறவேண்டும். அந்த ஒருவர் யார் என்று இப்போதே கேட்டுச் சம்மதம் வாங்கி வைப்பதுதான் கஷ்டமான வேலை. அம்மாளுக்குத் தங்கை மகள் ஒருத்தி ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். கல்யாணமானவள். அவளிடம் கேட்பதற்கு அம்மாள் நாலு மாதம் தயங்கினார்.

அடுத்தது வீடு. அதைப் பெண் பெயருக்கே எழுதினால் அவளால் ஆள முடியாது. ஏமாற்றிக் கைரேகை வாங்கிக்கொள்ள ஆட்கள் வருவார்கள். விஷயத்தை அறிந்துகொள்ள இயலாதவரிடம் வாங்கிய அத்தகைய விடுதலைப் பத்திரம் சட்டப்படி செல்லாது என்பது உண்மை. ஆனால் அதை எதிர்த்து வழக்காட அவளுக்கு யார் இருக்கிறார்கள்? தங்கை மகள் பெயருக்கு எழுதி, ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்று ஒரு வரி சேர்த்தால் அது வேண்டுகோளாக நிற்குமே தவிரக் கட்டளையாக நிற்பது சந்தேகம். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வழி, 1882-ம் வருஷத்து டிரஸ்டுச் சட்டப்படி ஒரு தனி டிரஸ்டு ஏற்படுத்துவது. வீடும் பணமும் டிரஸ்டிகள் கையில் இருக்கும். பலன் முழுவதும் பெண்ணுக்கு. அதை உயிலின் மூலமாகவே ஏற்படுத்தலாம். டிரஸ்டிகள் இருவராவது இருப்பது உசிதம். குழந்தையைக் கூட வைத்துப் பார்க்கிறவர் ஒருவர், பணத்தைப் பார்க்கிறவர் மற்றொருவர் என்று பிரித்துவிடவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். சோறு போடுகிற கையே கணக்கும் எழுதினால், நல்லவர்கள்கூட நாளடைவில் சோற்றைக் குறைத்து எழுதத் தொடங்கிவிடலாம். டிரஸ்டியாக இருக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே இங்கும் முன் சம்மதம் வேண்டும். சிங்கப்பூரில் இப்படிப்பட்ட குழந்தைகளின் பணத்தைப் பெற்றோருக்குப் பின் நிர்வகித்துக் கொடுப்பதற்கென்றே லாபநோக்கமற்ற டிரஸ்டுக் கம்பெனி ஒன்று 2008 முதல் இருக்கிறது. நமக்கும் அப்படியொன்று வந்தால் சித்தப்பா, மாமாக்களின் தயவை நாடவேண்டியிராது.

அம்மாளின் பென்ஷனைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய பென்ஷன் விதிகளுக்கு உட்பட்ட சர்க்கார் ஊழியர்களின், சம்பாதிக்க இயலாத குறையுள்ள மக்களுக்குக் குடும்பப் பென்ஷன் ஆயுள் முழுவதும் கிடைக்கும். பிராவிடண்டு பண்டு பென்ஷனிலும், நிரந்தரமாக முற்றிலும் குறைபட்ட பிள்ளைக்கு இத்தகைய ஏற்பாடு இருக்கிறது. ஆனால் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் டாக்டர் அத்தாட்சியையும் ஆபீஸ் ரிகார்டில் ஏற்றிவிடவேண்டும். இல்லையேல், பிறகு அந்தக் குழந்தையை அழைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைவது யார்? அம்மாள் இதையும் செய்யாமல்தான் இருந்தார். ‘பெண்ணுக்கு இப்படி’ என்று ஆபீஸில் எழுதிக் கொடுக்க வெட்கமாயிருந்ததாம்.

முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல குறைகள் சேர்ந்தவர்களுக்கென்று மத்திய சர்க்கார் 2005-ல் ஸ்தாபித்த தேசிய நிலையம் இருக்கிறது. இங்கிருந்து கேளம்பாக்கம் ரோடு வழியாகப் போய்விடலாம். அம்மாளையும் பெண்ணையும் ஒரு முறை அழைத்துக்கொண்டு போனேன். பரிசோதனைகள் முடிந்து திரும்பும்போது, நமக்குப் பிறகு பார்த்துக்கொள்ளப் போகிறவருக்காக ஒரு நோட்டுப் புஸ்தகம் எழுதி வையுங்கள் என்று நான் யோசனை சொன்னேன். சொத்து விவரம் அல்ல, குழந்தையின் விவரம். சட்டத்தில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆனால் எந்தப் பத்திரத்தாலும் கைமாற்றிக் கொடுக்க முடியாததை அது கைமாற்றிக் கொடுக்கும்.

தமிழாசிரியை அல்லவா? அழகான எழுத்தில் எழுதத் தொடங்கினார். சாதத்தை எப்படிப் பிசையவேண்டும். மாத்திரையை வாழைப்பழத்தில் எந்தப் பக்கம் மறைக்கவேண்டும். இடி இடித்தால் கட்டிலின் கீழ் போய்விடுவாள், இழுக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து பாடவேண்டும். மாத விலக்கு நாட்களில் எந்தத் துணி. வலிப்பு வந்தால் எத்தனை நிமிஷம் பார்க்கலாம், எந்த டாக்டரிடம் போகவேண்டும். ‘பா’ என்றால் பால் அல்ல, ரெயில்.

உயிலும் டிரஸ்டும் சென்ற தை மாதம் எழுதியாயிற்று. கார்டியன் மனு செங்கற்பட்டில் இருக்கிறது. ஊரப்பாக்கத்துப் பெண் இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறாள். முதல் ஐந்து வாரம் அவள் பிசைந்த சோற்றைக் குழந்தை தட்டிவிட்டது. ஆறாவது வாரம் இரண்டு வாய் வாங்கிக்கொண்டதாக அம்மாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். நோட்டுப் புஸ்தகம் தீர்ந்துவிட்டது, இன்னொன்று வாங்கவேண்டும் என்றார்.